மேஷத்தில் இரண்டு பேர்

எனக்குச் சளி பிடித்தால் சனி காரணம். பரீட்சையில் மார்க் குறைந்தால் சனி காரணம். ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தேன். டெட்டால் பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால் அம்மா சொன்னதும் அதைத்தான். எங்கள் வீட்டில் நான் செய்த எதையும் நானே செய்ததாக யாரும் நினைத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு பழைய நோட்டு. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, துணியில் சுற்றி, சாமி அலமாரியில் வைத்திருப்பார்கள். அதுதான் என் ஜாதகம். மேல் வரிசையில் இடது மூலைக் கட்டம் மீனம். அது காலி. அதை ஒட்டிய கட்டம் மேஷம். அதில் ‘சந்’ என்றும் அதற்குக் கீழே ‘சனி’ என்றும் எழுதியிருக்கும். பன்னிரண்டு கட்டங்கள் கிடக்க, போயும் போயும் ஒரே கட்டத்தில் இரண்டு பேர்.

சந்திரனும் சனியும் இப்படிச் சேர்ந்தால் புனர்பூ என்பார்கள். சந்திரன் மனசுக்கும் தாய்க்கும் உரியவன். சனி தொட்டதையெல்லாம் தாமதமாக்குகிறவன். அதிலும் மேஷத்தில் அவனுக்கு நீசம், பலமிழந்து கிடக்கிற இடம். இவர்கள் கூடினால் கல்யாணப் பேச்சு கைகூடுகிற மாதிரி வரும், நழுவும். மறுபடி வரும், மறுபடி நழுவும். இவ்வளவுதான் சாஸ்திரம். மீதியை ஜோசியர்கள் அவரவர் தாராளத்துக்குத் தக்கபடி சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் முப்பதுக்கு மேல் நல்ல இடம் அமையும் என்றார். ஒருவர் மாமியாருக்கு ஆகாது என்றார். இன்னொருவர் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, பொண்ணு சிரிக்கவே சிரிக்காதோ என்று அம்மாவிடம் கேட்டார். அன்று நான் சிரிக்கிற நிலைமையில் இல்லை. அவர் வாசலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருந்தேன். ஆனால் அம்மா அசந்துபோய்விட்டாள்.

இந்தப் பலனைக் கேட்டுக் கேட்டு நானும் அப்படியே ஆகிப்போனேன் என்றுதான் நினைக்கிறேன். யாராவது கலகலவென்று பேசினால் நமக்கெதற்கு என்று ஒதுங்கிக்கொள்வேன். சினேகிதிகள் பீச்சுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். சந்திரனோடு சனி சேர்ந்தவள் கும்மாளம் போட்டால் நன்றாகவா இருக்கும்?

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். எங்கள் ஊரில் சொல்தா என்போம். நான் பிறந்தது பிரான்ஸில், அப்போது அவர் வேலையில் இருந்த ஊரில். எனக்கு நாலு வயதாகும்போது ராணுவத்தை விட்டுக் குடும்பத்தோடு புதுச்சேரிக்கே வந்துவிட்டார். அந்த ஊரைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை. அங்கிருந்து நான் கொண்டுவந்தது பாஸ்போர்ட் ஒன்றுதான். ஜாதகம்கூட இங்கே கணித்ததுதான். நான் பிறந்த செய்தியை அம்மா கடிதத்தில் எழுத, தாத்தா அதை எடுத்துக்கொண்டு குடும்ப ஜோசியரிடம் போயிருக்கிறார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணுக்கு வரன் தேடவே வேண்டாம். கட்டிக்கொண்டால் மாப்பிள்ளையும் பின்னாலேயே அங்கே போய்விடலாம். அதனால் எனக்கு இரண்டு வகை வரன்கள் வந்தன. ஜாதகமே வேண்டாம், பெண் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எப்போது பிரான்ஸ் போகலாம் என்று கேட்டவர்கள் ஒரு வகை. அவர்களை அப்பா வாசலோடு அனுப்பிவிடுவார். பாஸ்போர்ட்டுக்குத் தாலி கட்டுகிறவன் பாஸ்போர்ட்டையே கட்டிக்கொள்ளட்டும் என்பார். என்னைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றவர்கள் இன்னொரு வகை. அவர்கள் ஜாதகம் கேட்டார்கள். சந்திரனையும் சனியையும் பார்த்தார்கள். பிறகு வரவில்லை.

அந்த இரண்டாவது வகையில் ஒருவர் அரியாங்குப்பத்திலிருந்து வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அந்த அம்மாவும் வந்திருந்தார். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை தூக்கல் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிள்ளையோடு பால்கனியில் ஒரு கால் மணி நேரம் பேச விட்டார்கள். அவர் பிரான்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“ஆத்தைத் தாண்டி வந்து இருக்கறது உங்களுக்குச் சிரமமா இருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

கடலைத் தாண்டிப் போவதைப் பற்றியே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தாண்டிவிடுகிற ஆற்றைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டது எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. சிரமம் ஒன்றும் இல்லை என்றேன். அன்று சிரித்தேன்கூட.

மூன்று வாரம் கழித்து என் போட்டோ அதே கவரில் திரும்பி வந்தது. மாமியாருக்கு ஆகாத சேர்க்கை என்று அவர்கள் ஜோசியர் சொல்லிவிட்டாராம். தாயை விட்டால் வேறு நாதியில்லாத பிள்ளை அவர். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவருடைய நட்சத்திரம் அனுஷம். முப்பது வருஷம் ஓடிவிட்டது. அது எனக்கு எதற்கு இன்னும் ஞாபகம் இருக்க வேண்டும்?

அதற்கப்புறம் அப்பா காலமாகிவிட்டார். வருகிறவர்களும் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனார்கள். அதை யாரும் அறிவிக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க வீட்டில் கேசரி கிளறவில்லை என்பது திடீரென்று ஒருநாள் உறைத்தது. அம்மா மட்டும் விடாமல் சனிக்கிழமை தவறாமல் ஈஸ்வரன் கோயிலுக்குப் போய், கறுப்புத் துணியில் எள்ளைக் கட்டி நல்லெண்ணெயில் நனைத்து, சனி பகவானுக்கு விளக்குப் போட்டு வந்தாள். எனக்காகத்தான்.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து, அம்மாவுக்கு எண்பத்திரண்டு. உப்பளத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே பிரெஞ்சு ட்யூஷன் எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் புதிதாகக் கல்யாணமானவர்கள். புருஷனோ பெண்டாட்டியோ அங்கே இருப்பார்கள். இவர்கள் பரீட்சை எழுதி, விசா வாங்கிப் போக வேண்டும். அவர்களுக்குக் குடும்பம் பற்றிய பாடத்தை நான்தான் நடத்துகிறேன். என் கணவர், என் மாமியார், என் பிள்ளைகள் என்று சொல்லச் சொல்லித் திருத்துகிறேன். ஆறு மணிக்கு அவர்கள் எழுந்து போனால் வீடு சட்டென்று ஓய்ந்துவிடும். அம்மாவுக்கு டிவி. எனக்கு நோட்டுகள் திருத்துவது. இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் இருப்போம். பேசிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் என் பிறப்புப் பத்திரத்துக்குப் புதிதாக ஒரு பிரதி கேட்டு எழுதியிருந்தேன். நான் பிறந்த ஊர் மெரியிலிருந்து, அதாவது அந்த ஊர் நகராட்சியிலிருந்து, தபாலில் வந்தது. அன்று வகுப்பில் இருந்தது சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு பெண். மணி சொல்லப் படித்துக்கொண்டிருந்தாள். அசலான ஒரு பத்திரத்தைப் படித்துப் பழகட்டுமே என்று அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தேன். அதில் நேரத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதியிருப்பார்கள். அவள் திக்கித் திக்கி, தீஸ் ஊர் கராந்த் என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பத்து நாப்பது. காலைலயா பொறந்தீங்க மிஸ்?”

இதற்கு முன் அந்தப் பத்திரத்தை நான் பார்த்ததில்லையா என்றால், பார்த்திருக்கிறேன். ஆபீஸ்களில் கேட்பது பெயரும் தேதியும்தான். அந்த ஒரு வரியை நான் படித்ததே இல்லை. ஊருக்கெல்லாம் மணி சொல்லிக்கொடுக்கிறவளின் லட்சணம் இது.

அவள் போன பிறகு, சும்மா இருக்கிறோமே என்றுதான் போனில் உள்ள ஜாதக ஆப்பில் அந்த நேரத்தைப் போட்டேன். பிறந்த ஊரையும் போட்டேன். கட்டம் வந்தது. மீனத்தில் சந்திரன். மேஷத்தில் சனி மட்டும். ஆப் உளறுகிறது என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் மீனம்தான், ரேவதி நட்சத்திரம். நான் அதுவரை அஸ்வினி.

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். பழைய ஜாதகங்களில் மணி எழுத மாட்டார்கள். சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை என்றுதான் எழுதுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் யாரும் அதை மணியாகப் படித்ததில்லை, வரன் வீட்டு ஜோசியர்களும் நேரே கட்டத்துக்குத்தான் போனார்கள். என் நோட்டில் இருந்தது முப்பத்துமூன்றே முக்கால் நாழிகை. ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம். பதின்மூன்றரை மணி நேரம் ஆகிறது. அன்றைய உதயம் ஆறு பத்து என்று அதிலேயே எழுதியிருந்தது. கூட்டினால் இரவு ஏழு நாற்பது.

பிரான்ஸில் காலை பத்து நாற்பது என்றால் அன்றைக்கு நம் ஊரில் பிற்பகல் மூன்று பத்து. வித்தியாசம் நாலரை மணி நேரம். மூன்று பத்தோடு இன்னொரு நாலரையைக் கூட்டினால்தான் ஏழு நாற்பது வரும். யாரோ இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். அந்த அதிகப்படி நாலரை மணி நேரத்தில் சந்திரன் மீனத்தின் கடைசியிலிருந்து நகர்ந்து, கோட்டைத் தாண்டி, மேஷத்தில் சனியிடம் போய் உட்கார்ந்துவிட்டான். ஜோசியர் பார்த்தது அதைத்தான்.

எனக்குப் புனர்பூ கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்து நான் செய்தது பொருத்தம் பார்த்தது. ரேவதிக்கும் அனுஷத்துக்கும். பத்துக்கு எட்டு என்று பச்சை எழுத்தில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அரியாங்குப்பத்துப் பழைய மாணவி ஒருத்தி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வாத்தியார் கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அவர் அம்மா தொண்ணூறு வயது வரைக்கும் திடமாக இருந்தாராம்.

தோஷம் இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் தோஷம் நீங்கி நான் என்ன செய்வது? கோபம்தான் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? ஜோசியர் இல்லை, தாத்தா இல்லை, அப்பா இல்லை. போனில் நம்பர்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களுடையவை. ஏதாவது ஒன்றை அழுத்தி, என் சந்திரன் இடம் மாறிவிட்டான் என்று சொன்னால், மிஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்கள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் நான் தனியாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இரவல் காரணமாக இருந்தாலும் காரணம்தானே. அந்த நோட்டில் என் சந்திரனுக்காவது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான். நல்லவனோ கெட்டவனோ, கூடவே இருந்தான். இப்போது அவனும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ட்யூஷனை ரத்து செய்துவிட்டு பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அரியாங்குப்பத்தில் இறங்கி, ஒரு கடையில் டீ குடித்தேன். அவர் வீடு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. டீ குடித்து முடித்ததும் எதிர்ப்பக்கம் நின்று திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வரும்போதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல வேண்டும். அது போதும். அதைச் சொல்ல மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான்.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று அந்த வாரம் முழுக்கத் தவித்தேன். சொன்னால் நாற்பது வருஷத்துச் சனிக்கிழமைகளை ஒரே மூச்சில் அவளிடமிருந்து பிடுங்கியது ஆகும். சொல்லாவிட்டால் நான் வெடித்துவிடுவேன் போலிருந்தது. நவக்கிரகம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு போதவில்லை என்று அவள் சொன்னதற்குக்கூட நான் சீறினேன். சனிக்கிழமை கோயிலில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பத்திரத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் போனோம். முட்டிவலியால் அவளால் நடக்க முடிவதில்லை. நவக்கிரகத்தைச் சுற்ற முடியாது, ஒரு தரம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எள் விளக்கைப் போடுவாள். அன்றும் போட்டாள். பிறகு பிராகாரத்தில் தூணில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன் என்று மெதுவாகக் கேட்டேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய கடியாரம் இருந்ததாம். அழுகுரல் கேட்டதும் அவள் முதலில் பார்த்தது அதைத்தானாம். சரியாகப் பத்து நாற்பது.

“அப்படியே எழுதனா நம்மூர் சோசியருக்கு அந்த ஊர் கணக்கு புரியாதுன்னு, நானே வெரல் விட்டு எண்ணி, நாலரை மணி கூட்டி, மூணு பத்துன்னு எங்கப்பாருக்கு லெட்டர் எழுதனேன். அவரு கொழம்பிப் போயி எங்கொழந்த ஜாதகத்தத் தப்பா எழுதிடக் கூடாதில்ல? உங்கப்பாவே மெச்சிக்கினாரு.”

“நம்மூர் நேரம்னு அதுல எழுதனியாம்மா?”

“அத எதுக்குடி எழுதணும்? நம்மூருக்குத்தான எழுதறேன்.”

ஆயிற்று. குழந்தை பிரான்ஸில் பிறந்தது என்று தாத்தா சொல்லியிருப்பார். கடிதத்தில் மூன்று பத்து என்று இருந்திருக்கும். ஜோசியரும் கெட்டிக்காரர், அவருக்கும் அந்த ஊர்க் கணக்கு தெரிந்திருக்கிறது. தன் பங்குக்கு ஒரு நாலரையைக் கூட்டிவிட்டார். யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எல்லோருமே ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து, பத்திரத்தை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவளாக ஒன்றை நினைத்துக்கொண்டாள்.

“அந்த சேர்க்கையத்தான நெனச்சிக்கினு இருக்க?” என்றாள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மொதல்ல எல்லாம் அது வெலகணும்னுதான் வெளக்கு போட்டேன். உங்கப்பா போனதுக்கப்புறம் அப்படி வேண்டிக்கல. இருக்கட்டும் சாமி, எம்பொண்ணு எங்கூடவே இருக்கட்டும்னு வேண்டிக்கினேன். வாரா வாரம் அதத்தான் வேண்டிக்கினேன். பயமா இருந்துச்சிடி, தனியா இருக்க. இத மனசுல வெச்சிக்கினே போயிடுவனோன்னு இருந்துச்சி.”

பிறகு, “தப்பு பண்ணிட்டேன், இல்ல?” என்றாள்.

ஒரு வாரமாக யார் வாயிலிருந்தாவது வராதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். வந்துவிட்டது. அவள் செய்யாத தப்புக்காக வந்தது. சனி பகவான் அவள் பிரார்த்தனையைக் கேட்டு ஒன்றும் என்னை நிறுத்திவைக்கவில்லை. என்னை நிறுத்தியது என்னவென்று அவளிடம் காட்ட, மடித்த தாள் என் விரல்களுக்கு இடையில் இருந்தது. பிரித்து நீட்டினால், அவள் வாழ்க்கையில் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்கிற ஒரே கணக்கு, மகளைக் கெடுத்த கணக்காகிவிடும். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தக் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாத ஊரில், வலியோடு வலியாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்தான் என் கண்ணுக்குத் தெரிந்தாள்.

கையை வெளியே எடுத்தேன். வெறுங்கையாக எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ என்னம்மா பண்ணுவ? ஜாதகத்துல இருந்துது, நடந்துச்சி.”

அம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. அடுத்த வாரத்துக்கு எள் தீர்ந்துபோச்சு, போகும்போது வாங்கணும் என்றாள். வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, வழக்கமாகப் புரண்டு புரண்டு படுக்கிறவள், அன்று மத்தியானம் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

நான் பத்திரத்தை நோட்டுக்குள் வைத்து, துணியைச் சுற்றி, அலமாரியில் வைத்தேன். பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். அடுத்த வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. மேஷத்தில் சனி மட்டும்தான் இருக்கிறான் என்பது தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.